அண்ணன் தம்பிகளுக்கு வைத்த தண்ணீர்

டிங்-ஃபாவின் கடைக்கு முட்டை ரொட்டி வாங்கப் போனவர்கள் எவரும் அவன் வாயில் விழாமல் திரும்பியதில்லை. பூலி ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி இது. சுடுகல்லில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, வரிசையில் நிற்கிறவரின் புது முடிவெட்டு, பழைய ஸ்கூட்டர், ஓடிப்போன நாய் என்று கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுத்துவிடுவான். கோபித்துக்கொண்டு போகவும் முடியாது. ரொட்டி அப்படி இருக்கும்.

அந்த வாய்க்கு அதிகமாகத் தீனி போட்டது அவன் பெண்டாட்டி லுவான்தான். ஐம்பத்தைந்து வயதுக்காரி. அவளுக்கு ஒரே ஓர் ஆசை. சூரிய நிலா ஏரியை நீந்திக் கடக்க வேண்டும்.

வருஷா வருஷம் செப்டம்பரில் அந்த ஏரியில் நீச்சல் விழா நடக்கும். ஆயிரக்கணக்கான பேர் தலையில் தொப்பியும் இடுப்பில் கயிறு கட்டிய ஆரஞ்சு மிதவையுமாக இந்தக் கரையில் இறங்கி, மூன்று கிலோமீட்டர் தள்ளி அந்தக் கரையில் ஏறுவார்கள். பூலியின் விடியற்கால நீச்சல் சங்கம் மொத்தமும் போகும். லுவானும் போவாள், சோயா பால் டிரம்மோடு. அக்கரைப் படித்துறையில் உட்கார்ந்து, கரையேறுகிறவர்களுக்கெல்லாம் சூடாக ஊற்றிக் கொடுப்பாள். அப்படிக் கொடுத்துக் கொடுத்து வந்த ஆசைதான்.

"ஏறி வரும்போது அவங்க மூஞ்சியைப் பாத்திருக்கியாய்யா? என்னமோ ஒண்ணைப் பாத்துட்டு வந்த மாதிரி இருக்காங்க. அது என்னன்னு எனக்குத் தெரியணும்."

"தண்ணியைப் பாத்துட்டு வந்திருப்பாங்க. அதுல வேற என்ன இருக்கு?"

இது எட்டொன்பது வருஷத்துக் கதை. அவளுக்கு நீச்சல் தெரியாது. அதாவது, சுத்தமாகத் தெரியாது. தலைக்குக் குளிக்கும்போதுகூடத் துண்டை மடித்துக் கண்ணையும் மூக்கையும் பொத்திக்கொள்கிற ஜாதி. சரி, கற்றுக்கொள்ளலாம் என்றால், அதற்கு நாள் வாய்க்கவே இல்லை. குளிர்காலத்தில் குளிர். வசந்தத்தில் ஓயாத மழை, அதோடு முட்டி வலி. கோடை வந்து எல்லாம் சரியாகிக் நீச்சல் குளத்துப் பக்கம் கால் வைக்கலாம் என்னும்போது நிலாக் கணக்கில் ஏழாம் மாசம் பிறந்துவிடும். பேய்களுக்கு வாசல் திறந்து விடுகிற மாசம். யாரும் பேய் என்று வாயால் சொல்வதில்லை, அண்ணன் தம்பிங்க என்றுதான் சொல்வார்கள். தண்ணீரில் செத்த அண்ணன் தம்பிங்க தங்களுக்குப் பதிலாக இன்னோர் ஆளைப் பிடித்துப் போட்டுவிட்டுப் போகக் காத்திருக்கிற மாசம் அது. அந்த மாசத்தில் எவனாவது தண்ணீரில் இறங்குவானா? இறங்கமாட்டான். அந்த மாசம் முடியும்போது ஏரி விழாவும் தலைக்கு மேல் வந்து நிற்கும். "அப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பாள் லுவான். டிரம்மைக் கழுவி வெயிலில் கவிழ்ப்பாள்.

அந்த வருஷம் ஏழாம் மாசம் பௌர்ணமி அன்று காலையில் ஆ-ஹூய் கடைக்கு வந்தாள். பன்றிக்கறிக் கடை ஆ-ஹூய். நீச்சல் சங்கத்துக்குத் தலைவியும் அவள்தான். கறி வெட்டி வெட்டித் தோளெல்லாம் உருண்டு திரண்டு போய், நடந்து வந்தாலே நாலு பேர் வருகிற மாதிரி இருக்கும்.

"லுவான் அக்கா, இந்த மாசம் முடிஞ்சதும் புதுசா கத்துக்கிறவங்களுக்கு வகுப்பு ஆரம்பிக்கிறோம். உங்களைச் சேத்துக்கட்டா?"

லுவான் வாயைத் திறப்பதற்குள் கல்லுக்குப் பின்னாலிருந்து டிங்-ஃபா பதில் சொல்லிவிட்டான்.

"அவ பேரை நிரந்தரமா எழுதி வச்சுக்க ஆ-ஹூய். வருஷத்தை மட்டும் பென்சில்ல எழுது. வருஷா வருஷம் அழிச்சு அழிச்சு எழுதலாம்ல?"

வரிசையே சிரித்தது. தபால்காரர் சிரித்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தன, ஆ-ஹூயும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். லுவானும் சிரித்தாள். ஆனால் டிங்-ஃபா பார்த்தான், அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. யாரோ முதுகில் தட்டிக் கூப்பிட்ட மாதிரி அப்படியே நின்றாள். கையில் சோயா பால் குவளை இருந்தது. பிறகு அதை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வாய் ஓயவில்லை. அடுத்த ஆளின் மீசையைப் பிடித்துக்கொண்டது.

மத்தியானம் தெருவில் எல்லாக் கடை வாசலிலும் மேஜை போட்டார்கள். பௌர்ணமிப் படையல் நாள் ஆயிற்றே. டிங்-ஃபாவும் போட்டான். நூடுல்ஸ் பொட்டலம், பிஸ்கட், டப்பாவில் அடைத்த பீச் பழம், பீர், ஒவ்வொன்றிலும் ஓர் ஊதுபத்தி. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதன் மேல் சுத்தமான தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பேசினும் புதுத் துண்டும். தூரத்திலிருந்து வருகிற அண்ணன் தம்பிங்க சாப்பிடுகிறதற்கு முன்னால் முகம் கழுவ வேண்டாமா?

எல்லோரும் ஒரு துண்டு வைப்பார்கள். டிங்-ஃபா இரண்டு வைப்பான். இரண்டாவது சின்னது, வாத்துப் படம் போட்டது, சின்னப் பிள்ளைகள் துண்டு. ஏன் என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. லுவானும் கேட்டதில்லை, அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மாமியார் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். டிங்-ஃபாவுக்கு ஒரு தம்பி இருந்தான். சியாங். ஒன்பது வயதில் ஏழாம் மாசத்தில் ஆற்றில் போய்விட்டான். அப்போது டிங்-ஃபாவுக்குப் பன்னிரண்டு வயது, கரையில் நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் கணுக்காலுக்கு மேல் எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை. தம்பி பேரை வாயால் சொன்னதும் இல்லை. ஊரையெல்லாம் கிண்டல் செய்கிற வாய், அந்தப் பேருக்கு மட்டும் பூட்டிக்கொள்ளும்.

லுவான் கடைக்குள்ளிருந்து வந்தாள். வந்தவள் மேஜையைப் பார்க்கவில்லை, பேசினைப் பார்த்தாள். கூந்தலைத் தூக்கி முடிந்தாள்.

"லுவான், தீப்பெட்டி எங்க?" என்றான் டிங்-ஃபா.

அவள் குனிந்தாள். இரண்டு கையாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைப் பேசினுக்குள் முழுசாக அமுக்கினாள்.

ஐயோ, அந்தத் தெரு இருந்த இருப்பைச் சொல்ல வேண்டுமே! எதிர் மருந்துக்கடைக்காரி கையிலிருந்த ஊதுபத்திக் கட்டு அப்படியே கீழே விழுந்தது. பக்கத்துக் கடைக் கிழவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பேசினில் குபுகுபுவென்று குமிழி வந்தது. லுவானின் கை முக்காலியை விடவில்லை, தலை மேலே வரவில்லை. டிங்-ஃபா அடித்துப் பிடித்து ஓடி வந்து அவள் தோளைப் பற்றுகிற நேரத்தில்தான் நிமிர்ந்தாள். கண்ணும் மூக்கும் வாயும் ஒழுக, மலை ஏறி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிற்று.

"ஏய்! புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? அது யார் தண்ணின்னு தெரியுமா?"

"தெரியும்" என்றாள் லுவான். "சியாங் தண்ணி."

டிங்-ஃபாவின் கை அவள் தோளிலிருந்து தானாக விழுந்தது. முப்பது வருஷத்தில் அந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை.

அவள் அவனிடம் பேசவில்லை. பேசினைப் பார்த்துப் பேசினாள், பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுகிற மாதிரி.

"தப்பா நெனச்சுக்காத தம்பி. உன் தண்ணியை அழுக்காக்கிட்டேன், இப்பவே மாத்தி வைக்கிறேன். உன் அண்ணன் இருக்கானே, அவனுக்குத் தண்ணின்னா உசுரு போயிடும். வெளியில சொல்லமாட்டான், நக்கலடிப்பான். அவன் மூஞ்சியைப் பாத்துப் பாத்து நானும் கரையிலயே நின்னுட்டேன். ஆனா பாதிதான் அவனுக்காக நின்னேன். மீதி என் பயம். அதுக்கு ஒரு வருஷம் முட்டியைச் சொன்னேன், ஒரு வருஷம் மழையைச் சொன்னேன், வருஷா வருஷம் உங்களைச் சொன்னேன். இன்னைக்குக் காலையில ஊரே சிரிச்சுது, நானும் கூடச் சேந்து சிரிச்சேன்டா. அதுதான் தாங்கல. என் ஆசையைப் பாத்து நானே சிரிச்சா அப்புறம் அதுக்கு யார் இருக்கா?"

சேலை கட்டுகிற ஊரா என்ன, சமையல் ஏப்ரனால்தான் முகத்தைத் துடைத்தாள். பேசினை எடுத்துப் போய் ஊற்றிவிட்டு, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து வைத்தாள். வாத்துத் துண்டை நேராக மடித்தாள். புதிதாக மூன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டாள். எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"நாளைக்குச் சாயங்காலத்துலேந்து குளத்துக்குப் போறேன்."

"நாளைக்கா? மாசம் பாதிதான் ஆயிருக்கு! இன்னும் அவங்க..."

"அவங்க மூஞ்சி கழுவுற தண்ணியிலயே மூஞ்சியை வச்சாச்சு. இதுக்கு மேல என்னய்யா பண்ணிடப் போறாங்க?"

டிங்-ஃபா மேஜையில் இருந்த பீரை எடுத்து நேராக அடுக்க ஆரம்பித்தான்.

மறுநாள் கடை மூடியதும் லுவான் ஒரு பையோடு கிளம்பினாள். டிங்-ஃபா வேறு பக்கம் கிளம்பினான், மாட்சு அம்மன் கோயிலுக்கு. கடலில் தத்தளிக்கிறவர்களைக் காப்பாற்றுகிற தாய் அவள். தண்ணீர் விஷயம் அவளுக்குத் தெரியாதா? அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் லுவான் மீறமாட்டாள். வீட்டுக்குப் போய் "நான் சொல்லலடி, அம்மா சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிடலாம். நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

மூன்று ஊதுபத்தி ஏற்றினான். பேர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் சொன்னான், அம்மா ஆள் மாறிக் கேட்டுவிடக் கூடாதே. பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். ஒரு துண்டு தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால் ஆமாம். இரண்டும் குவிந்து விழுந்தால் இல்லை.

"அம்மா, என் பெண்டாட்டி தண்ணியில இறங்குறதை நான் தடுக்கட்டுமா?"

போட்டான். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்து ஆடின.

இரண்டும் தட்டை என்றால் அம்மா சிரிக்கிறாள். டிங்-ஃபாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை போல.

"அம்மா, வயசாயிடுச்சு அவளுக்கு. முட்டி வேற வலி. இந்த வருஷம் மட்டுமாவது வேணாம்னு சொல்லட்டுமா?"

மறுபடியும் சிரிப்பு.

"சரி, அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாவது சொல்லுங்க!"

மூன்றாவது தடவையும் சிரித்தாள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க! நான் ரொட்டிக்கடையை மூடிட்டு இங்க உங்களுக்குச் சிரிப்பு காட்ட வந்தேனா?" என்று வாய்விட்டே கத்திவிட்டான். பழம் படைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தெரிந்த பதிலையே மறுபடி மறுபடி கேட்கிறவனைப் பார்த்துத்தான் அம்மா சிரிப்பாள். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. டிங்-ஃபாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம்.

மரத்துண்டுகளை எடுத்த இடத்தில் வைத்தான். போய்விடலாம் என்று படி வரை வந்தவன் திரும்பினான். இந்தத் தடவை எதையும் போடவில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றான். அவ்வளவுதான். சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

ஊர்க் குளத்தில் ஏழாம் மாசத்துக்கென்று ஒரு வெறிச்சோடல் உண்டு. பெரிய குளத்தில் ஓர் ஈ காக்காய் இல்லை. குழந்தைகள் குளத்தின் விளிம்பில் ஆ-ஹூய் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் அளவு தண்ணீரில் லுவான் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் ரப்பர் தொப்பி, அதில் ரோஜாப்பூ. டிங்-ஃபா கம்பி வேலிக்கு வெளியே நின்றான். ஆண்டவனே, அந்தத் தொப்பியை வைத்தே ஒரு மாசம் கடையை ஓட்டலாம்! வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இன்னொரு தடவை அக்கா. மூக்கால ஊதுங்க. வாயால இல்ல."

லுவான் முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். இருமினாள், கண்ணைக் கசக்கினாள். இருமல் அடங்கவே இல்லை, ஆ-ஹூய் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. போதும், எழுந்து வந்துவிடுவாள் என்று டிங்-ஃபா நினைத்தான். அவள் மறுபடியும் முகத்தை வைத்தாள். மறுபடியும் இருமல். மூக்கு சிவந்துவிட்டது, உதடு கோணிற்று, அழுகிறாளா தண்ணீரா என்று தெரியவில்லை. மறுபடியும் வைத்தாள்.

டிங்-ஃபாவின் நாக்கில் இருந்த நக்கல் எங்கே போனதென்றே தெரியவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றான். தான் பன்னிரண்டு வயதிலிருந்து இன்றுவரை செய்யத் துணியாத ஒன்றை, தனக்குச் சமமாகப் பயப்படுகிற ஒருத்தி, பயத்தோடேயே செய்துகொண்டிருக்கிறாள். பயம் போன பிறகு அல்ல, பயத்தை மடியில் உட்கார வைத்துக்கொண்டு. அவளுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது அவனுக்கு. கும்பிடவில்லை. சத்தம் போடாமல் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த வருஷ ஏரி விழாவுக்கு லுவான் எப்போதும் போல டிரம்மோடுதான் போனாள். அடுத்த விழாவுக்குள் அவள் பட்ட பாட்டை முழுசாகச் சொன்னால் விடிந்துவிடும். ஆழமான குளத்துக்குப் போன முதல் நாள் விளிம்பைப் பிடித்த கை விடமாட்டேன் என்றுவிட்டது. ஆ-ஹூய் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். "கறிக்கடையில எலும்பை உருவுறதே சுலபம் அக்கா!" என்று கத்தினாள். தவளை மாதிரி கால் உதைக்கச் சொன்னால் லுவான் முன்னால் போகாமல் பின்னால் போனாள். ஒரு முழு மாசம் பின்னால்தான் போனாள். விடியற்கால நீச்சல்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒன்றும் உதவவில்லை. பிறகு ஒரு நாள் என்ன காரணமோ, முன்னால் போனாள்.

குளிர்காலத்தில் சளி பிடித்தது. சளி போயிற்று, லுவான் குளத்துக்குப் போகவில்லை. மழை என்றாள். அப்புறம் மழையும் நின்றது. பை ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. பேச்சு வந்தால் நழுவினாள். டிங்-ஃபாவுக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்ததா? இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டு மூன்று நாள் அந்த நிம்மதியை வைத்துப் பார்த்தான். சாப்பாடு இறங்கவில்லை. அவள் கடைக்கு வருகிறவர்களோடு முன்போலவே சிரித்துப் பேசினாள், அந்தச் சிரிப்பைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

நாலாம் நாள் கடை மூடியதும் பையை ஆணியிலிருந்து எடுத்து ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டினான். வண்டியைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்தான்.

லுவான் வாசலில் நின்று பார்த்தாள். "எங்கய்யா?"

"ஏறு."

"இன்னைக்கு மனசே வரல."

"உன்னைத்தான் ஏறச் சொன்னேன். மனசை யார் கூப்பிட்டா?"

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு ஏறிக்கொண்டாள். குளத்து வாசலில் இறங்கும்போது சொன்னாள்.

"நீ சொன்னது சரிதான். நான் இத்தனை வருஷமா மனசு வரட்டும்னு காத்திருந்தேன். அது லேட்டா எழுந்திருக்கிற கழுதை. நாம முன்னாடி போயிட்டா, தனியா இருக்கப் பிடிக்காம பின்னாடியே வருது."

அன்றிலிருந்து அவன்தான் கொண்டுபோய் விட்டான். விட்டுவிட்டு வரவும் மாட்டான். விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். கையில் எங்கிருந்தோ பிடித்து வந்த நீளமான மூங்கில் கழி. எதற்கு என்று கேட்டவர்களிடம் மீன் பிடிக்க என்றான். அவள் தலை தண்ணீருக்குள் போகும்போதெல்லாம் அவனும் மூச்சை அடக்கிக்கொள்வான். ஆ-ஹூய் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"முதலாளி, கரையில உக்காந்துகிட்டே இவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கிறீங்க. உள்ள இறங்கினா சங்கத்துலயே முதல் ஆளு நீங்கதான்!"

"நான் இறங்கினா ரொட்டிக் கல்லுல யார் நிப்பா? போடி, போய்க் கறியை வெட்டு."

கடையிலும் ஒரு மாற்றம். யாராவது "என்ன முதலாளியம்மா, இந்த வருஷமா அடுத்த வருஷமா?" என்று பழைய ராகத்தில் ஆரம்பித்தால் டிங்-ஃபா சிரிக்கமாட்டான். "நேத்து ஆயிரம் மீட்டர். நிக்காம. நீ அந்த முக்கு வரைக்கும் நடந்து காட்டு, ரொட்டி இனாமா தர்றேன்" என்பான். ஆள் வாயை மூடிக்கொண்டு போகும்.

அடுத்த ஏரி விழா நாள் காலை. லுவான் தொப்பியும் மிதவையுமாக இந்தக் கரையில் நின்றாள். அவளைச் சுற்றி ஆயிரம் மிதவைகள். முகம் வெளுத்துப்போய் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாற்றுத் துணி இருந்த பையை டிங்-ஃபாவிடம் கொடுத்தாள். ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தாள்.

"பயமா இருக்கா?" என்றான்.

"ரொம்ப."

"எனக்கும்தான்."

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். திரும்பி ஆ-ஹூயோடு கூட்டத்தில் நடந்தாள். டிங்-ஃபா படகேறி அக்கரைக்குப் போய்விட்டான்.

அக்கரைப் படித்துறையில் இந்த வருஷம் டிரம்மும் கரண்டியும் அவன் பொறுப்பு. முதல் கூட்டம் வந்து ஏறியது. ஊற்றிக் கொடுத்தான். இரண்டாவது கூட்டம் வந்தது. சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தபால்காரர் வந்தார். ஆ-ஹூய் வந்தாள், நீர்யானை மாதிரி உடம்பை உதறிக்கொண்டு.

"அவ எங்க?"

"நடுவுல மிதக்கிற மேடை வரைக்கும் கூடவே வந்தாங்க முதலாளி. அங்க கொஞ்சம் இளைப்பாறிட்டு வர்றேன், நீ போன்னு விரட்டிட்டாங்க. நல்லாத்தான் இருந்தாங்க. வந்துருவாங்க."

வரவில்லை. சோயா பால் ஆறிப்போயிற்று. மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி ஏரியின் நிறம் கறுத்தது. ஒலிபெருக்கியில் கடைசிக் கூட்டம் மேடையைத் தாண்டிவிட்டது என்று சொன்னார்கள். டிங்-ஃபா கரண்டியை யார் கையிலோ திணித்துவிட்டுத் தண்ணீரின் விளிம்புக்கு வந்து நின்றான். எத்தனை ஆரஞ்சுப் புள்ளிகள்! எல்லாம் ஒரே மாதிரி. அவன் துணிப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். அதை அப்போதுதான் கவனித்தான். அன்றைக்கும் இப்படித்தான். "அண்ணா, புடி" என்று சியாங் கழற்றிக் கொடுத்த சட்டையையும் டவுசரையும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவர்கள் வந்து பிடுங்குகிற வரைக்கும் விடவில்லை.

அம்மா, சிரிக்காதே, என்றான் மனசுக்குள். இன்றைக்குச் சிரிக்காதே.

புள்ளிகளில் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. மெதுவாக, ரொம்ப மெதுவாக. இரண்டு கையும் சேர்ந்து முன்னால் வருகிறது, விரிகிறது. தலை மேலே வருகிறது, உள்ளே போகிறது. கழுத்தைக் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்க்கிற வழக்கம் உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. ஒரு வருஷம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியாதா?

"என் பெண்டாட்டி!" என்று கத்தினான் டிங்-ஃபா, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு. "அதோ, அந்தக் கோணல் கழுத்து! மூணு கிலோமீட்டர் நீந்தி வர்றாய்யா! போன வருஷம் மூஞ்சி கழுவக்கூடப் பயந்தவ!"

லுவான் படித்துறைக்கு வந்துவிட்டாள். கம்பியைப் பிடித்தாள். தண்ணீருக்கடியில் இருந்த படியில் கால் ஊன்றி எழுந்தாள். இடுப்பு வரை எழுந்தவளுக்கு அதற்கு மேல் கால் வரவில்லை. மூன்று கிலோமீட்டரும் உதைத்த கால், படி ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. மேலேயிருந்து தொண்டர்கள் கையை நீட்டினார்கள். அவள் தலையை ஆட்டினாள், சிரித்தாள், அழுதாள், மூன்றையும் ஒன்றாகச் செய்தாள். அந்த முகத்தை டிங்-ஃபா பார்த்தான். முப்பது வருஷம் எதிரெதிரே நின்று ரொட்டி சுட்டிருக்கிறான், இந்த முகத்தைப் பார்த்ததில்லை.

பையை வைத்தான். ஒரு படி இறங்கினான். ஷூவுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த படி. கணுக்கால் போயிற்று, முழங்கால் போயிற்று. குளிர் வயிற்றைப் பிடித்தது. அவன் கீழே பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் அவள் பக்கத்தில் போய் நின்று, அவள் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

லுவான் அவனைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். அவன் எங்கே நிற்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் தோளில் இருந்த கை இறுகிற்று.

"ஷூவைக்கூடக் கழட்டலையேய்யா" என்றாள்.

"கழட்டினா யோசிச்சிருப்பேன்."

மேலேயிருந்து ஆ-ஹூயின் குரல் இடித்தது. "முதலாளி! வழியை மறைக்காதீங்க, பின்னாடி ஆளுங்க வர்றாங்க! அக்காவைக் கூட்டிக்கிட்டு மேல ஏறுங்க!"

"ஏறலாமா?" என்று கேட்டாள் லுவான்.

டிங்-ஃபா சுற்றிலும் பார்த்தான். தண்ணீர் அவன் இடுப்பைத் தட்டித் தட்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இரு" என்றான். "கொஞ்ச நேரம் இங்கயே நிப்போம்."

பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு, இரண்டு பேரும் கம்பியோரமாக ஒதுங்கி நின்றார்கள்.